மூன்று பேர், ஒன்பதாயிரம் வெள்ளி

எங்கள் கையில் இருப்பது 9,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் தமிழ் மன்றத்தை நடத்திய பதினொரு பேர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு திடீரென்று நன்றியுணர்ச்சி மேலிட்டுச் சேர்த்த பணம். அன்று எங்களுக்காக உழைத்த மூன்று பேரைச் சிறப்பிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிச் சிறப்பிப்பது என்பதில்தான் வாட்ஸ்அப் குழுவில் ஆறு வாரமாகச் சண்டை. கடைசியில், "நீதான் அதிகம் பேசுகிறாய், எல்லா வழிகளையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இதேபோன்ற யோசனையில் வேறு சங்கங்களும் முன்னாள் மாணவர் குழுக்களும் இருக்கக்கூடும் என்பதால் எழுதியதைப் பொதுவில் வைக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை.

முதலில் அந்த மூவர். ஒருவர் வேதியியல் துறையில் கண்ணாடி ஊதியவர். ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய குழாய்களையும் குடுவைகளையும் கடையில் கிடைக்காத வடிவங்களில் தீச்சுடரில் காட்டி வளைத்து, ஊதி, ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் நாடகங்களுக்கு மேடைப் பொருள் செய்து கொடுத்ததும் அவரே. அது அவர் வேலை இல்லை. இன்னொருவர் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா. மூன்றாமவர் பல்கலைக்கழகத்தில் ஒருநாள்கூடச் சம்பளம் வாங்காதவர். மகள் மாணவியாக இருந்தபோது நாடகத்துக்கு உடை தைக்க வந்தார். மகள் பட்டம் வாங்கிப் போய்விட்டாள். அக்கா மட்டும் பதினெட்டு ஆண்டுகள் நின்றுவிட்டார். தொண்டூழியர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவருடைய ஊசிப்பெட்டிதான் கண்ணில் வரும்.

'ஓய்வு பெற்ற ஊழியர்' என்பதும் இங்கே அவ்வளவு தெளிவான சொல் இல்லை. 2022 ஜூலையில் சட்டப்படியான ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68 என்று உயர்ந்தது. ஓய்வு பெற்றவர் அடுத்த மாதமே ஒப்பந்தத்தில் அதே மேசைக்குத் திரும்புவது சாதாரணம். கண்ணாடி ஊதிய ஐயாவும் அப்படித்தான் இரண்டு முறை ஓய்வு பெற்றார். இரண்டு முறையும் கேக் வெட்டினார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

குழுவில் பெரும்பாலோர் கேட்பது விழா. மண்டபம், குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, சிறப்பு விருந்தினர், மாலை, பொன்னாடை, கேடயம், சாப்பாடு. 150 பேருக்கு நாங்கள் போட்ட கணக்கில் 6,500 வெள்ளி வந்தது. அதில் மூன்று பேருக்காகச் செலவாகும் பங்கைத் தனியே எடுத்துப் பார்த்தேன்: மாலை, பொன்னாடை, கேடயம் எல்லாம் சேர்த்து 400 வெள்ளிகூட இல்லை. மீதமெல்லாம் வருகிறவர்களின் வயிற்றுக்கும் மண்டபத்தின் குளிர்சாதனத்துக்கும்.

பொன்னாடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐயாவின் அடுக்குமாடி வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் ஏழு பொன்னாடைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அவர் மனைவி எனக்குக் காட்டினார். போர்த்திக்கொண்டு வெளியே போக முடியாது, படுக்கையில் விரிக்க முடியாது, ஜரிகை குத்தும், யாருக்காவது கொடுத்தால் விருதைக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். "தூசு தட்டுவதுதான் தம்பி என் சேவை" என்றார் அந்த அம்மா.

விழாவைப் பற்றி நான் கசப்பாகப் பேசுவதற்கு வேறு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாராட்டு விழாவில் நான்தான் நெறியாளர். நீண்டகாலம் பணியாற்றியவர்கள் பட்டியல் என் கையில். நம்மவர்களின் அடையாள அட்டையில் தன் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே இன்னாரின் மகன் என்று ஒரு குறி இருக்குமே, பட்டியலைத் தட்டச்சு செய்தவர் அதை எடுத்துவிட்டிருந்தார். கடைசியில் நிற்கும் சொல்தான் குடும்பப் பெயர் என்று நினைத்து, 'திரு' போட்டு, அதையே உரக்கப் படித்தேன். தமிழனான எனக்கே உறைக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை அழைத்தேன். நான்காம் வரிசையில் ஐயா திரும்பிப் பின்னால் பார்த்தார். அந்தப் பெயருடையவர் உண்மையிலேயே வந்திருக்கிறாரோ என்று தேடுவதுபோல. அவருடைய அப்பா இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்து வந்தார். "நாற்பது ஆண்டுகள் அர்ப்பணிப்புடன் கூடிய சேவை" என்று படித்தேன். அவருக்கு முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் அதே வரியைத்தான் படித்தேன். எண் மட்டும் மாறியது.

அன்றிலிருந்து எந்த மரியாதையையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். இதைச் செய்ய, அந்த மனிதரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? பொன்னாடைக்கு எதுவும் தெரிய வேண்டாம். தோள் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். தன்னை நேரில் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று சொன்ன சங்கப் புலவர் ஒருவர் உண்டு. காணாமல் கொடுப்பதை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, தினையளவு கொடுத்தாலும் என் தகுதியறிந்து கொடுங்கள் என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளாக நமக்கு இது தெரியும். ஆனாலும் பொன்னாடைக் கடைக்குத்தான் முதலில் போகிறோம்.

விழாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நூலக அம்மாவின் மூத்த மகன் அம்மாவின் பணியிடத்துக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. அவர் அங்கே என்ன செய்தார் என்று சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது. பேரப் பிள்ளைகள் முன்னால், தமிழில், நாலு பேர் எழுந்து நின்று சொல்வதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் காசோலையால் அதைச் செய்ய முடியாது. ஆகவே கூட்டம் வேண்டும். 150 பேர் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அடுத்தது, நாமே விருது கொடுக்காமல் பெரிய விருதுகளுக்குப் பரிந்துரைப்பது. இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் விருதுகளில் சேவைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது பெயரிலேயே சொல்வதுபோல முன்னாள் மாணவருக்கு. எங்கள் மூவரில் யாரும் அந்தக் கதவுக்குள் நுழைய முடியாது. ஐயா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஓய்வுபெறும் பேராசிரியர்களுக்கு மதிப்புறு பேராசிரியர் பட்டம் உண்டு. அந்தப் பேராசிரியர் நாற்பது ஆண்டு பயன்படுத்திய குடுவையை ஊதியவருக்கு அப்படி ஒரு பட்டம் யாரும் யோசிக்கவில்லை. தேசிய தின விருதுகளில் பொதுச் சேவைக்கான நீண்டகாலச் சேவைப் பதக்கத்துக்கு 25 ஆண்டுப் பணி கணக்கு. சமூகப் பணிக்குப் பொதுச் சேவைப் பதக்கம் இருக்கிறது. ஆகஸ்ட் 9ஆம் தேதியையொட்டி வரும் அந்தப் பட்டியலில் தெரிந்தவர் பெயரைத் தேடாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. அந்தக் கனம் நம் கேடயத்துக்கு வராது. ஆனால் அது எங்கள் கையில் இல்லை. அமைப்புகள் வழியாகப் போய், யாரோ தீர்மானிக்க வேண்டியது.

பரிந்துரையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பரிந்துரைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்பதை எழுதியாக வேண்டும். 2002இல் தொடங்கிய நல்லாசிரியர் விருது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் முரசு நாளிதழும் தமிழாசிரியர் சங்கமும் இணைந்து நடத்தும் அந்த விருதில் மாணவரும் பெற்றோரும் முன்மொழிகிறார்கள். தன் ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்தினார் என்று ஒரு மாணவன் தமிழில் எழுதும் அந்தத் தாள், மேடையில் கொடுக்கும் பரிசைவிடப் பெரிது என்பேன். கவிமாலை அமைப்பு கவிஞருக்குக் கணையாழி அணிவிக்கிறது. மோதிரம் விரலில் இருக்கும், அலமாரி மேல் ஏறாது. பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு யோசனை இருக்கிறது.

எங்கள் குழுவில் கணக்காளர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு விழாவும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம். மூவர் பெயரில் மாணவர் உதவிநிதி வைக்க வேண்டும். வாதம் வலுவானது. பொதுநல அமைப்புத் தகுதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. ஒருவர் 1,000 வெள்ளி கொடுத்தால் அவருடைய வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி குறையும். பல்கலைக்கழகங்களின் அறநிதிக்குக் கொடுத்தால் நன்கொடையையொட்டி அரசாங்கம் தன் பங்காகக் கொடுக்கும் இணைமானியமும் சேரும். விகிதத்தை அந்தந்தப் பல்கலைக்கழக நன்கொடை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறநிதி என்றால் முதல் அப்படியே இருக்கும், வருமானத்தை மட்டும் செலவழிப்பார்கள். 9,000 வெள்ளியில் ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுப்பதாக வைத்துக்கொண்டால் 360 வெள்ளி. இணைமானியத்தால் முதல் இரட்டித்தாலும் 720. ஒரு மாணவருக்கு ஒரு பருவத்துப் பஸ், ரயில் செலவுக்குக் காணும். அதற்கு ஒரு பெயர், ஒரு தேர்வுக்குழு, ஆண்டுதோறும் ஒரு கடிதம். பல்கலைக்கழகங்கள் இவ்வளவு சிறிய தொகைக்குத் தனி அறநிதி திறப்பதும் சந்தேகம். கணக்காளர் தம் கணக்கிலேயே தோற்றார் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சிறு தொகையைக் கேவலமாகப் பேசவில்லை. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, சாதாரணத் தொழிலாளர்கள் தங்களால் முடிந்த சில்லறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைப் பார்த்திராதவர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பணம் அது. ஆனால் ஆயிரம் பேரிடம் வாங்கும் சிறுதொகை வேறு, பதினொரு பேர் சேர்ந்து போடும் சிறுதொகை வேறு. முன்னது இயக்கம். பின்னது எங்கள் மனச்சாட்சிக்கு ஒரு ரசீது.

என் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்த்தேன். உதவிநிதி வைக்க அந்த மனிதரைப் பற்றி என்ன தெரிய வேண்டும்? பெயரும், பெயரின் எழுத்துக்கூட்டலும். ஐந்தாண்டு கழித்துப் பணம் வாங்கும் மாணவிக்கு அதுவும் தெரியாது; படிவத்தின் தலைப்பில் ஏதோ ஒரு பெயர். பணம் நன்மை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது மாணவிக்குச் செய்யும் நன்மை. ஐயாவுக்குச் செய்யும் மரியாதை என்று அதைச் சொல்வதில் கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது.

பெயர் சூட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூரில் கட்டடங்களுக்குப் பெயர் வருவது பெரும்பாலும் கொடையால். 2005இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு யோங் லூ லின் பெயர் வந்தது 100 மில்லியன் வெள்ளி நன்கொடைக்குப் பிறகு. மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த பெஞ்சமின் ஷியர்ஸின் பெயரில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது, ஆனால் அவர் நாட்டின் அதிபராகவும் இருந்தவர். கண்ணாடி ஊதியவர் பெயரில் ஒரு பெஞ்சு வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். வளாகங்கள் இங்கே அவ்வப்போது இடித்துக் கட்டப்படுகின்றன. பெஞ்சு எங்கே போகும் என்று கேட்டேன். அந்த யோசனை அதோடு போயிற்று.

பொற்கிழியையும் யோசித்தோம். நமக்குப் பழகிய மரபு, சொல்லும் அழகானது. கலாசாரப் பதக்கம் பெறுபவர்கள் தங்கள் கலைப்பணியைத் தொடர 80,000 வெள்ளி வரை மானியம் கேட்கலாம். பதக்கத்தோடு வேலையும் தொடரட்டும் என்பது அதன் உள்ளர்த்தம். எங்களிடம் அவ்வளவு இல்லை, ஆளுக்கு 3,000 கொடுக்கலாம். கொடுப்பதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு காரியம் செய்தேன். ஆறு வாரச் சண்டையில் யாரும் செய்யாதது. மூவரையும் நேரில் போய்ப் பார்த்தேன்.

தையல்கார அக்கா பணம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு என்னை ஸ்டோர் அறைக்கு அழைத்துப்போனார். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். சேரன் செங்குட்டுவன் அங்கி, பன்னிரண்டு தோழியருக்கான பாவாடை, பாரதியாரின் கறுப்புக் கோட்டு மூன்று அளவில். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த ஆண்டு நாடகம், எத்தனை உருப்படி, எது இரவல் போய்த் திரும்பவில்லை என்று அட்டை ஒட்டியிருந்தது. "விருது எல்லாம் வேண்டாம். இந்தப் பெட்டிகளை யாராவது பொறுப்பாக எடுத்துக்கொண்டால் போதும். பதினெட்டு வருடமாக என் வீட்டில் அரிசி மூட்டை வைக்க இடமில்லை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் பட்டம் வாங்கிய ஒவ்வொரு தலைவரும் பெட்டிகளை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் தலைவர்களில் நானும் ஒருவன்.

நூலக அம்மா வேறு மாதிரி. கணவருக்கு உடம்பு சரியில்லை, மருத்துவச் செலவு இருக்கிறது, பணம் உதவும் என்று நேராகவே சொன்னார். ஆனால் மேடையில் கவரில் வைத்துக் கொடுக்காதே என்றார். பிறகு, கேட்காமலே இன்னொன்று சொன்னார். தேர்வுக் காலத்தில் நூலகத்தில் இரவெல்லாம் இருக்கும் பிள்ளைகளில் சிலர் படிப்பதற்காக மட்டும் வருவதில்லை. வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர். சாப்பிடாமல் மேசையில் தலைவைத்துத் தூங்குவார்கள். எந்தப் பிள்ளை எந்த மேசை என்று அவருக்குத் தெரியும். பையில் வைத்திருக்கும் ரொட்டியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாராம். "எழுப்பிக் கொடுத்தால் வாங்க வெட்கப்படுவார்கள்" என்றார். ஆண்டுதோறும் எத்தனை புத்தகம் அடுக்கினார் என்ற கணக்கு எங்கேயோ இருக்கும். ரொட்டிக் கணக்கு அவரிடம் மட்டும்தான் இருந்தது.

ஐயாவிடம் போனபோது ஒலிப்பதிவுக் கருவி எடுத்துப் போனேன். வாய்மொழி வரலாறு என்பது எங்கள் பட்டியலில் கடைசி வழி, முன்மொழிந்தது நான் ஒருவன் மட்டும். இந்த ஊருக்கு இது புதிதில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கியதிலும் தொண்டூழியர் உழைப்பு உண்டு. ஆனால் எழுதியவர்களின் பெயர் நூலகத்தில் இருக்கிறது. கையால் வேலை செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கருவியை மேசையில் வைத்து, "உங்கள் பணியைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றேன். "நல்ல இடம், நல்ல அதிகாரிகள், நாற்பது வருடம் போனதே தெரியவில்லை" என்றார். பதினைந்து நிமிடம் இப்படியே போயிற்று, மேடை வாக்கியங்கள். என் கேள்வியே மேடைக் கேள்வி என்று பிறகுதான் புரிந்தது. சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவன் அங்கே ஜன்னலில் ஒரு கண்ணாடி அன்னத்தைப் பார்த்தேன். இதன் கழுத்து எப்படி உடையாமல் வளைந்தது என்று கேட்டேன்.

பிறகு இரண்டரை மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி ஏறக்குறைய 820 பாகை செல்சியஸில்தான் இளகும். சாதாரண அடுப்புச் சுடருக்கு மசியாது, எரிவாயுவோடு ஆக்சிஜன் சேர வேண்டும். கண்ணாடி சூடேறும்போது அதிலுள்ள சோடியம் மஞ்சளாகச் சுடர்விட்டுக் கண்ணை மறைக்கும். அதை வடிகட்ட டிடிமியம் என்ற தனிக் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி. அதைப் போட்டால் மஞ்சள் மறைந்து, உள்ளே இளகும் விளிம்பு மட்டும் தெரியும். "அப்போதுதான் தம்பி ஊத வேண்டும். வாயால் ஊதுவது என்று நினைப்பார்கள். கன்னத்தால் ஊத வேண்டும். குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையிலும் இல்லாத ஒரு குழாயை ஒரே வேகத்தில் சுழற்றிக் காட்டினார். ஒரு கை முந்தினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இரண்டு கையும் ஒன்றாகவே சுழன்றன.

செய்து முடித்ததும் உலையில் வைத்து 560 பாகைக்குப் பக்கத்தில் நிறுத்தி மெல்ல ஆறவிட வேண்டும். இல்லையென்றால் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் வந்தால் இரண்டாகக் கிடக்கும். "கோபத்தை அடக்கினவன் மாதிரி" என்றார். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் எடுக்கவில்லையாம், தேவையானதை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். அது தவறென்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தமிழில் கண்ணாடி ஊதுவதை விளக்கும் இரண்டரை மணி நேரம் இப்போது என் கணினியில் இருக்கிறது. வேறெங்காவது இருக்குமா என்று சந்தேகம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பணம் குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் கேட்கும் வழி இது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. ஒப்புதல் எழுதி வாங்க வேண்டும். யாரைப் பற்றியாவது கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் எதை வைப்பது, எதை மூடுவது என்று பேசியவரிடமே கேட்க வேண்டும். பதிவைக் கணினியில் போட்டு மறந்துவிட்டால் அலமாரி மேலிருக்கும் எட்டாவது பொன்னாடை ஆகிவிடும். எல்லாருக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. தையல்கார அக்காவிடம் கருவியைக் காட்டியபோது, "பெட்டியைத் தூக்கப் பிள்ளைகள் எப்போது வருகிறார்கள்?" என்றுதான் கேட்டார்.

இன்னொரு வழி யாருடைய பட்டியலிலும் இல்லை, ஐயா பேச்சோடு பேச்சாகச் சொன்னது. ஓய்வு பெற்ற மறுநாள் அட்டை வேலை செய்யாது. நாற்பது ஆண்டு நடந்த தாழ்வாரத்துக்குள் போக வாயிலில் பார்வையாளராகப் பெயர் எழுத வேண்டும். எந்தப் பணியிடத்திலும் இதுதான் நடைமுறை, பாதுகாப்புக்குத் தேவையும்கூட. ஆனாலும் நூலகத்தில் உட்காரவும் உணவகத்தில் பழையவர்களோடு தேநீர் குடிக்கவும் ஓர் அட்டை கொடுத்தால் அதற்கு எந்தக் கேடயமும் ஈடாகாது. எங்களால் அது முடியாது, பல்கலைக்கழகத்தால்தான் முடியும். கடிதம் எழுதலாம். எழுதியிருக்கிறேன்.

இவ்வளவையும் வைத்துக் குழுவுக்கு நான் கொடுத்த கணக்கு இது. ஒரே விருதை மூன்றாகப் பெருக்குவதை விட்டுவிடுவோம். 150 பேர் விழாவுக்குப் பதில் மூன்று குடும்பங்களும் நாங்களுமாக நாற்பது பேருக்கு இரவு விருந்து, ஆளுக்கு 45 வெள்ளி வீதம் 1,800. சிறப்பு விருந்தினர் இல்லை, கேடயம் இல்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் அவரிடம் பழகிய ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும்; 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அபராதம் 10 வெள்ளி. ஐயாவின் பதிவை எழுத்தாக்கித் தொகுக்க இரண்டு மாணவர்களுக்குக் கூலியும் பிற செலவும் 2,400. பெட்டிகளுக்கு மன்றத்தின் அறையில் அலமாரி வாங்க 500. அதைவிட முக்கியமாக, இந்த ஆண்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டு அட்டைகளைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். நூலக அம்மாவுக்கு 2,000, விருந்துக்கு முன்பே, வீட்டில், பேச்சில்லாமல். தேர்வுக் கால இரவுச் சாப்பாட்டுக்கு 2,000. ஒரு சாப்பாடு 5 வெள்ளி என்றால் 400 சாப்பாடு. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மீதம் 300 மாலைக்கும் அழைப்பிதழுக்கும். மாலையை நான் எதிர்த்தேன், தோற்றேன். சிராங்கூன் சாலையில் கட்டிய மல்லிகை மாலை இல்லாமல் ஒரு மரியாதையா என்று நூலக அம்மாவே கேட்டுவிட்டார்.

விழா வேண்டும் என்றவர்கள் முகம் சுளித்தார்கள். வாக்கெடுப்பில் ஏழுக்கு நாலு. கணக்காளர் என் பக்கம் போட்டார், சாப்பாட்டுக் கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், பழைய தவறு நினைவில் உறுத்த, ஐயாவைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் மேடையில் அப்பா பெயரைச் சொல்லி அழைத்தவன் நான்தான் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "அதில் ஒன்றும் தப்பில்லை தம்பி. அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். பழைய வளாகத்தில் புல் வெட்டினார். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். அவருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்துவிட்டேன்" என்றார்.

இரண்டரை மணி நேரப் பதிவில் இதை நான் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் மறுபடி கருவியோடு போகிறேன். அழைப்பிதழில் இரண்டு பெயரையும் ஒரே எழுத்தளவில் போடும்படி அச்சகத்துக்குச் சொல்லியாகிவிட்டது.